புதுப்பிப்பு: ஹைபிரிட் சைக்கிளுக்கு டிராப் பார் மாட்டியாச்சு

போன மாசம் நேர் ஹேண்டில்பாரை கழட்டிட்டு டிராப் பார் (ரேஸ் சைக்கிள்ல கீழ வளைஞ்சிருக்குமே, அந்த ஹேண்டில்பார்) போடலாமான்னு கேட்டிருந்தேன்ல, போட்டாச்சு. பழைய பிரேக் லீவர் அதுல ஏறவே இல்ல, நேர் பார் தடிப்பு 22.2 மில்லிமீட்டர், டிராப் பார் 23.8. சரின்னு சாதா ரோடு லீவர் மாட்டுனா அது கேபிளை கொஞ்சமாத்தான் இழுக்குது, என் சைக்கிள்ல உள்ள வி-பிரேக்குக்கு (ரெண்டு நீளக் கை ரிம்மை ரெண்டு பக்கமும் புடிக்கிற பிரேக்) பத்தல, சுங்கை சிப்புட்ல செம்பனை லோரி ஒன்னு முன்னாடி நிக்க நான் நிக்காம போயி, உயிரே போயி வந்துச்சு லா. அப்புறம்தான் டெக்ட்ரோ ஆர்எல்520 போட்டேன், அது வி-பிரேக்குக்குன்னே உள்ள லீவர், இப்ப கப்புன்னு புடிக்குது. கை ரொம்ப முன்னாடி போனதால ஸ்டெம்மையும் (ஹேண்டில்பாரை சைக்கிளோட சேக்குற துண்டு) 100 மில்லிமீட்டர்லேர்ந்து 70க்கு மாத்திட்டேன். பார்ல டேப் சுத்துனதுதான் கேவலம், அப்பா பாத்துட்டு "என்னடா ஆட்டுக் கொம்பு"ங்கிறாரு. பார் நுனியில மாட்டுற ஷிஃப்டர் இன்னும் வரல, அதுவரைக்கும் ஒரே கியர்லதான் தோட்டத்து மேடு ஏறணும்.