திருவாதிரை: என் புள்ளி மட்டும் கீழே கிடக்கிறது, உதவி தேவை

மாலைவான் | ஏப்ரல் 21, காலை 6:10

வணக்கம். திருவாதிரை விண்மீனின் பொலிவெண்ணை, அதாவது அது எவ்வளவு பொலிவாகத் தெரிகிறது என்ற எண்ணை, கண்ணால் மதிப்பிட்டு, மாறும் விண்மீன் நோக்குவோரின் அமெரிக்கச் சங்கமான ஏஏவிஎஸ்ஓவின் தளத்தில் பதிந்தேன். எனக்கு இது முதல் பதிவு. படிவம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் நாள்தோறும் பொலிவு மாறுவதைக் காட்டும் ஒளிவளைவைத் திறந்தால் மற்றவர்களின் புள்ளிகள் எல்லாம் ஒரே பட்டையாக இருக்கின்றன, என்னுடையது மட்டும் வெகு கீழே தனியாகக் கிடக்கிறது. எங்கே தவறு? ஊர் நூலகத்தின் கோடை வகுப்பில் பிள்ளைகளிடம் இதைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். விரைவாக யாராவது சொல்லுங்கள்.

கருவிழி | காலை 6:42

முதல் பதிவுக்கு வாழ்த்துகள். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எந்த எண்ணைப் பதிந்தீர்கள்? மற்றவர்களின் புள்ளிகள் எந்த எண்ணில் நிற்கின்றன? எந்த விண்மீன்களோடு ஒப்பிட்டீர்கள்? எந்த ஊர், எத்தனை மணி?

சிவந்தமீன் | காலை 7:05

மற்றவர்கள் நேற்று பார்த்தார்களா என்பதையும் சொல்லுங்கள். 2019 அக்டோபரில் திருவாதிரை மங்கத் தொடங்கியது, 2020 பிப்ரவரியில் பொலிவெண் 1.6 என்னும் அளவுக்கு மங்கியது. அப்போதும் வளைவு கீழே வளைந்ததைக் கண்டு முதலில் பலர் நம்பவில்லை. உங்கள் புள்ளி கீழே இருப்பதாலேயே அது தவறு என்று முடிவு செய்ய வேண்டாம்.

துருவன் | காலை 7:31

தம்பி, கையேட்டைப் படித்துவிட்டுப் பதிய வேண்டும் என்பதை இங்கே எத்தனை பேருக்குத்தான் சொல்வது? மாறும் விண்மீன் நோக்குவோருக்கான கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. திருவாதிரை புதியவர்களுக்கு ஏற்ற விண்மீனே அல்ல. அருகில் ஒப்பிடத் தகுந்த விண்மீன் கிடையாது, இருப்பவை வானத்தின் ஆளுக்கொரு மூலையில் இருக்கின்றன. சிவப்பு நிறம் வேறு கண்ணை ஏமாற்றும். அல்கோல், டெல்டா செஃபை போன்ற மாறும் விண்மீன்களில் தொடங்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. பல கோடிப் பதிவுகள் கொண்ட தரவுத்தொகுப்பு அது. ஆய்வாளர்கள் அதை நம்பிப் பயன்படுத்துகிறார்கள். பயிற்சிக்களமாக அதை ஆக்க வேண்டாம்.

அலைகரை | காலை 7:58

துருவன் ஐயா, பயிற்சி இல்லாமல் யாரும் கற்பதில்லை. அவர் பதிந்த பிறகு தாமாகவே வளைவைத் திறந்து சரிபார்த்திருக்கிறார், ஐயம் வந்ததும் கேட்கிறார். புதியவர் ஒருவர் செய்ய வேண்டியதும் அதுதான்.

மாலைவான், என் ஐயம் நேரத்தைப் பற்றியது. படிவம் உலக நேரத்தைக் கேட்கிறது. இந்திய நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்துத்தான் எழுத வேண்டும். கழித்தீர்களா?

நீலகிரிப்பனி | காலை 8:20

நேரம் தவறினால் புள்ளி இடமோ வலமோ நகருமே தவிர, மேலே கீழே போகாது. சிவப்பு நிறம்தான் காரணம் என்பேன். சிவந்த விண்மீனை நெடுநேரம் உற்றுப் பார்த்தால் அது மேன்மேலும் பொலிவாகத் தோன்றும், அதனால் ஒரு கணம் பார்த்துக் கண்ணை எடுத்துவிட வேண்டும்.

கருவிழி | காலை 8:34

அப்படியானால் அவருடைய புள்ளி மேலே அல்லவா இருக்க வேண்டும்? கீழே கிடக்கிறது என்கிறார். பொலிவெண் கூடினால் மங்கல், வளைவில் மங்கல்தான் கீழே.

மாலைவான் | காலை 11:15

மன்னிக்கவும், இப்போதுதான் பார்க்க முடிந்தது. நான் பதிந்தது 1.2. மற்றவர்கள் கடந்த பத்து நாளில் 0.5க்கும் 0.7க்கும் நடுவில் பதிந்திருக்கிறார்கள். புரோசியான், பொல்லக்ஸ் என்ற இரண்டு விண்மீன்களோடு ஒப்பிட்டேன். பொல்லக்ஸை விடச் சற்று மங்கலாகத் தெரிந்தது. ரோகிணியைக் காணவில்லை. கடிகாரத்தில் இருந்த நேரத்தை அப்படியே எழுதினேன், 21:20. துருவன் ஐயா, நான் தம்பி இல்லை, நடுநிலைப் பள்ளி ஆசிரியை.

அலைகரை | காலை 11:29

அப்படியானால் உலக நேரம் 15:50. தளத்தில் உங்கள் பதிவைத் தேடினால் திருத்தும் வசதி இருக்கிறது, மாற்றிவிடுங்கள். வானியலாளர்கள் நாள்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாளாக எழுதினால் பின்னப்பகுதி ஏறத்தாழ .16 என்று வர வேண்டும். ஜூலியன் நாள் உலக நேரப்படி நண்பகலில் தொடங்குகிறது. நமக்கு அது மாலை ஐந்தரை. அதனால் நம்முடைய இரவு முழுவதும் ஒரே நாளில் அடங்கிவிடும், நள்ளிரவில் தேதி மாறும் குழப்பம் இல்லை.

திருவாதிரைக்கு ஐந்தரை மணி பெரிய பிழை அல்ல, அது மாறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனால் பழக்கம் அப்படியே நின்றுவிட்டால் அல்கோலில் மாட்டிக்கொள்வீர்கள். அது இரட்டை விண்மீன், ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது மங்கும்; அந்த மறைப்பு தொடங்கி முடியவே ஏறத்தாழ பத்து மணி நேரம்தான்.

சிவந்தமீன் | காலை 11:40

பத்து நாளில் 0.6இலிருந்து 1.2? நடந்திருந்தால் பெரிய செய்தி. வேறு யாராவது நேற்று பார்த்தீர்களா?

கணக்குப்பிள்ளை | நண்பகல் 12:25

ரோகிணியைக் காணவில்லை என்று ஆசிரியை எழுதியிருக்கிறாரே, யாரும் அதைக் கவனிக்கவில்லையா? ஏப்ரல் 20, இரவு 9:20, தமிழ்நாடு என்று வைத்துக் கணக்கிட்டேன். ரோகிணி அப்போது மறைந்துவிட்டிருக்கும். திருவாதிரை மேற்கில் சுமார் 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். புரோசியானும் பொல்லக்ஸும் 40 பாகைக்கு மேல்.

15 பாகையில் இருக்கும் விண்மீனின் ஒளி, தலைக்கு நேரே இருப்பதைப் போல் 3.8 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. 40 பாகையில் அது ஏறத்தாழ 1.5 மடங்கு. வித்தியாசம் 2.3. தெளிந்த வானில் ஒரு மடங்கு காற்றுக்குக் கால் பொலிவெண் போகிறது என்று கொண்டால், திருவாதிரை மட்டும் ஏறத்தாழ 0.6 கூடுதலாக மங்குகிறது. 0.6 விண்மீன் 1.2ஆகத் தெரிகிறது, அவர் எழுதிய எண்ணும் அதுவே. அவருடைய கண்ணில் பிழை இல்லை. பார்த்ததை ஒழுங்காகவே பார்த்திருக்கிறார்.

சிவந்தமீன், விண்மீன் மங்கவில்லை. அதன் ஒளியில் ஐந்தில் இரண்டு பங்கைக் காற்று எடுத்துக்கொண்டது.

கருவிழி | நண்பகல் 12:33

அருமை. ஊரும் நேரமும் முதல் இடுகையிலேயே இருந்திருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும். நிலா இருந்ததா, வானம் புழுதியாக இருந்ததா என்பதையும் எழுதுங்கள் ஆசிரியையே. கோடையில் புழுதி இருந்தால் 0.6 என்பது இன்னும் கூடும்.

வில்லாளன் | பிற்பகல் 1:10

இத்தனை சிக்கலும் எதற்கு? கைப்பேசியை முக்காலியில் வைத்துப் படம் எடுத்து மென்பொருளில் அளந்தால் போதும். கண்ணால் மதிப்பிடுவது இந்தக் காலத்துக்கு அறிவியலாகாது. பத்தில் ஒரு பங்கு பொலிவெண் கூடக் கண்ணுக்கு உறுதியாகப் பிடிபடாது.

துருவன் | பிற்பகல் 1:32

படம் எடுத்தாலும் அதே 15 பாகைதான், அதே காற்றுதான். கருவியை மாற்றினால் வளிமண்டலம் விலகிக்கொள்ளுமா? திருவாதிரையின் பொலிவில் கைப்பேசிக் கேமராவின் உணரி நிரம்பி வழிந்துவிட்டால் அளவே பொருளற்றது. கண்ணால் நோக்கிய பதிவுகள் நூறாண்டுக்கு மேல் தொடர்ச்சியாக இருப்பதால்தான் இந்த விண்மீனின் நானூறு நாள் அலைவையும் அதன் மேல் ஏறிய நெடிய அலைவையும் பற்றி நம்மால் பேச முடிகிறது.

நீலகிரிப்பனி | பிற்பகல் 1:50

இதில் துருவன் ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். வில்லாளன், ராதா கோபிந்த சந்திரரைப் பற்றிப் படித்துப் பாருங்கள். வங்காளத்தின் ஜெசூர் கருவூலத்தில் வேலை பார்த்தவர், வானியலில் பட்டம் எதுவும் இல்லாதவர். ஏஏவிஎஸ்ஓவுக்கு 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மதிப்பீடுகளை அனுப்பினார். அவருக்கு 1926இல் அந்தச் சங்கம் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடனாகக் கொடுத்தது. பின்னாளில் அது வானியலாளர் வைணு பாப்புவிடம் வந்து, நம் காவலூர் வானாய்வகத்துக்கே சேர்ந்தது.

அலைகரை | பிற்பகல் 2:05

சென்னையையும் விட்டுவிட வேண்டாம். பொலிவெண் ஒன்றுக்கு 2.512 மடங்கு ஒளி என்ற அளவுகோலை 1856இல் முன்வைத்த ஆங்கிலேய வானியலாளர் போக்சன்தான் 1861இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்தார். அங்கே அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீன் மாறும் விண்மீன் என்று கண்டார். கோடை வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள் ஆசிரியையே.

வில்லாளன் | பிற்பகல் 2:20

வரலாற்றை நான் மறுக்கவில்லை. இன்று எது துல்லியம் என்றுதான் கேட்டேன். வடிகட்டி பொருத்திய கேமராவில் நூறில் ஒரு பங்கு பொலிவெண் வரை போகலாம்.

கருவிழி | பிற்பகல் 2:31

அதைத் தனி இழையில் பேசுவோம். ஆசிரியைக்கு இன்னும் பதில் முடியவில்லை. இப்போது 1.2 என்ற பதிவை என்ன செய்வது? அழிப்பதா, திருத்துவதா, அப்படியே விடுவதா?

கணக்குப்பிள்ளை | பிற்பகல் 2:48

0.6ஐக் கழித்து எழுதி, "வளிமண்டல மங்கலுக்குத் திருத்தப்பட்டது" என்று குறிப்பு சேர்க்கலாம். வெறும் கண்ணுக்குத் தெரியும் பொலிவான விண்மீன்களுக்கு அனுபவமுள்ள பலர் இப்படித் திருத்துகிறார்கள்.

துருவன் | பிற்பகல் 3:02

அட்டவணையை வைத்துத் திருத்துவது அனுபவமுள்ளவர்களுக்கு. அன்றைய வானின் தெளிவு இவருக்குத் தெரியாது, எனவே கால் பொலிவெண் என்பதும் ஊகம். ஒளிவளைவைப் பார்த்த பிறகு திருத்தினால் அது இன்னும் கேடு. மற்றவர்களின் 0.6 கண்ணில் பட்டுவிட்டது, அதற்குப் பொருந்தும் திருத்தம் கையில் வந்துவிட்டது. பிறகு அது யாருடைய மதிப்பீடு? நோக்குவதற்கு முன் வளைவைத் திறக்கவே கூடாது என்பதும் இதனால்தான்.

கணக்குப்பிள்ளை | பிற்பகல் 3:20

என் கணக்கு வளைவைப் பார்த்து வந்ததல்ல, உயரத்தைப் பார்த்து வந்தது. விடை பொருந்தியது பிறகு.

துருவன் | பிற்பகல் 3:26

உங்களுக்கு. ஆசிரியைக்கு இரண்டும் ஒரே நாளில் தெரிந்தன.

அலைகரை | பிற்பகல் 3:45

நோக்குவதற்கு முன் வளைவைத் திறக்கக் கூடாது, சரி. பதிந்த பிறகு திறப்பதைத் தடுக்காதீர்கள். தனியாகக் கற்பவருக்கு வேறு ஆசான் இல்லை.

என் யோசனை: 1.2ஐ அழிக்க வேண்டாம், மாற்றவும் வேண்டாம், நேரத்தை மட்டும் திருத்துங்கள். படிவத்தில் சேர்க்கும் குறிப்பு எழுத்துகளில் 'எல்' என்பது விண்மீன் அடிவானத்துக்கு அருகில் இருந்ததைக் குறிக்கும். அதைச் சேருங்கள். கூடவே ஒப்பீட்டு விண்மீன்கள் மிக உயரத்தில் இருந்தன என்று ஒரு வரி எழுதுங்கள். ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு எடுத்துக்கொள்வதா தள்ளுவதா என்று முடிவு செய்வார். நிலவொளியோ ஊர் வெளிச்சமோ இருந்தால் 'பி', மேகம் புழுதி என்றால் 'யு'.

இன்று ஏழேகாலுக்கு வெளியே போய்ப் பாருங்கள். திருவாதிரை அப்போது சுமார் 45 பாகையில் இருக்கும். புரோசியான் 70இல். மிஞ்சும் மங்கல் பத்தில் ஒரு பங்கு பொலிவெண்தான். ரோகிணியும் தெரியும், ஆனால் அது 30க்கும் கீழே இறங்கியிருக்கும், அதைச் சார்ந்திருக்க வேண்டாம். இன்னும் சில வாரத்தில் திருவாதிரை சூரியனுக்குப் பின்னால் போய்விடும், பிறகு விடியற்காலையில்தான்.

துருவன் | பிற்பகல் 4:10

அலைகரை சொன்னதற்கு உடன்படுகிறேன். ஆசிரியையே, தம்பி என்று அழைத்ததைப் பொருட்படுத்த வேண்டாம். இன்னும் ஒன்று: ஒப்பீட்டு விண்மீன்களைக் காட்டும் வரைபடத்தில் 11 என்று இருந்தால் 1.1 என்று பொருள். புள்ளியை விண்மீன் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத் தசமப்புள்ளியை விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் கேட்பார்கள்.

சிவந்தமீன் | இரவு 8:02

இங்கே பருத்தித்துறையில் இன்று மேகம். யாராவது பார்த்தால் எழுதுங்கள்.

மாலைவான் | ஏப்ரல் 23, காலை 5:50

எல்லாருக்கும் நன்றி. நேரத்தைத் திருத்தி 'எல்' சேர்த்துவிட்டேன். 1.2 அப்படியே இருக்கிறது. நேற்று ஏழேகாலுக்கு மூன்று பிள்ளைகளோடு பார்த்தேன், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாமல் எழுதினோம்: பிள்ளைகள் 0.6, 0.7, 0.9. என்னுடையது 0.7. அதை மட்டும் பதிந்தேன். வகுப்புக்குக் கிளம்ப வேண்டும்.

கருவிழி | ஏப்ரல் 23, காலை 6:15

மகிழ்ச்சி. வரைபடத்தின் மேல்மூலையில் ஓர் அடையாள எண் இருக்கும், அதைப் படிவத்தில் எழுதினீர்களா? 0.9 எழுதிய பிள்ளை எந்த விண்மீனோடு ஒப்பிட்டது?