எண்ணப் போனால் தலை சுற்றுகிறது: குட்டி உயிர்களைப் பார்த்த அனுபவங்கள்

எறும்புப்பிரியன்:

போன வாரம் ஒரு பெரிய பூந்தொட்டியை நகர்த்த வேண்டியிருந்தது. தூக்கினால் அடியில் முழுக்க எறும்பு. ஒரு நொடி எதுவும் அசையவில்லை. அடுத்த நொடி தரையே நகர ஆரம்பித்துவிட்டது. வெள்ளை வெள்ளையாக எதையோ வாயில் கவ்விக்கொண்டு ஓடின. முட்டை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எறும்பைவிடப் பெரிதாக முட்டை எப்படி இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அவை புழுக்களும் கூட்டுப்புழுக்களும். தொட்டியைத் திரும்ப வைக்கவும் மனமில்லை, கையில் பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. ஐந்து நிமிடத்தில் ஒன்று பாக்கியில்லாமல் குடிபெயர்ந்துவிட்டன.

2022-இல் வெளிவந்த ஒரு கணக்குப்படி உலகில் சுமார் 20,000 லட்சம் கோடி எறும்புகள் இருக்கின்றன. 2 போட்டு 16 சைபர். பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு 25 லட்சம் வரும். காட்டில் திரியும் பறவை, பாலூட்டி எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து எறும்புகளை மறு தட்டில் வைத்தால் எறும்புத் தட்டுதான் தாழுமாம்.

எண்ணிக்கையில் இதை மிஞ்ச ஆள் உண்டா? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சருகு:

எறும்பா? பாவம், அது பட்டியலில் ரொம்பக் கீழே.

நான் செய்ததைச் சொல்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்தால் புனல் கிடைத்துவிடும். உள்ளே ஒரு துண்டு கம்பி வலை. அதன்மேல் மரத்தடியில் மக்கிக்கொண்டிருக்கும் சருகும் மண்ணுமாக ஒரு கைப்பிடி. மேலே மேசை விளக்கு, கீழே ஈரக் காகிதம் போட்ட தட்டு. எல்.ஈ.டி. வேண்டாம், சூடு தரும் குண்டு பல்புதான் சரி. சூடும் வறட்சியும் மேலிருந்து இறங்க இறங்க, உள்ளே இருப்பவை ஈரத்தைத் தேடிக் கீழே கீழே போய்க் கடைசியில் தட்டில் விழும். அந்தோனியோ பெர்லேசே என்ற இத்தாலியர் 1905-இல் கண்டுபிடித்த வித்தை இது. இன்றைக்கும் மண் ஆய்வில் இதே புனல்தான்.

முதல் நாள் இரவு தட்டைப் பார்த்தபோது தூசி கொட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பூதக்கண்ணாடியை வைத்தால் தூசி நடக்கிறது! பழுப்பு மணி போல உருண்டு வருபவை மைட்டுகள். சிலந்திக்குச் சொந்தக்காரர்கள், எட்டுக் கால். வெள்ளையாக, நீளவாக்கில் இருப்பவை ஸ்பிரிங்டெயில்கள். இவற்றுக்கு வயிற்றுக்கு அடியில் கவட்டை போல ஒரு வால் மடங்கிக் கொக்கியில் மாட்டியிருக்கும். கொக்கி விட்டதும் வால் தரையில் அடித்து ஆளையே தூக்கி எறிந்துவிடும். ஊசி முனையால் லேசாகத் தொட்டேன், டப்பென்று காணோம். எங்கே போய் விழும் என்று அதற்கே தெரியாது போல.

300 வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். அதில் எறும்பு ஒன்றே ஒன்று. 2023-இல் வந்த ஒரு ஆய்வு, மண்ணில் வாழும் கணுக்காலிகளை 1 போட்டு 19 சைபர் என்று மதிப்பிட்டது. அதில் நூற்றுக்கு 95 மைட்டும் ஸ்பிரிங்டெயிலும்தான். உங்கள் எறும்புக் கணக்கைப்போல 500 மடங்கு.

பாசிக்காரி:

எனக்கு ரொம்ப நாளாக நீர்க்கரடி பார்க்க ஆசை. டார்டிகிரேடு என்பார்களே, அதுதான். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, எட்டுக் கால், காலில் நகம். பாசியில் இருக்கும் என்று படித்துவிட்டு, சுவரிலிருந்து கொஞ்சம் காய்ந்த பாசியைச் சுரண்டி வந்து ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தேன். மறுநாள் பிழிந்த தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்தேன்.

நீர்க்கரடி இல்லை. நூற்புழு. தள்ளிப் பார்த்தேன், அங்கும் நூற்புழு. அதற்கு உடலின் நீளவாக்கில் மட்டுமே தசை. அதனால் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து தன்னையே உதறிக்கொள்ளத்தான் முடியும். பற்றிக்கொள்ள மண் துகள் இல்லாத தண்ணீரில் எவ்வளவு உதறினாலும் பெரிதாக முன்னேற முடியாது. பார்க்கப் பரிதாபமாக இருந்தது. நடுநடுவே ரோட்டிஃபர்கள் என்ற நுண்விலங்குகள், தலையில் இரண்டு சக்கரம் சுழல்வது போல. உண்மையில் எதுவும் சுழல்வதில்லை. மயிரிழைகள் வரிசையாக அடிப்பதால் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது.

மூன்று நாள் இதே கதை. நூற்புழுவைக் கண்டாலே எரிச்சல் வரத் தொடங்கிவிட்டது. நான்காம் நாள் ஓரத்தில் ஏதோ ஒன்று தடுமாறித் தடுமாறி நடந்தது. கண்ணாடி வழுக்குகிறது, நகம் பிடிக்க இடமில்லை, எட்டுக் காலும் காற்றில் துழாவுகின்றன. கத்தியே விட்டேன். வீட்டில் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். வந்து பார்ப்பதற்குள் அது ஒரு பாசித் துணுக்குக்குள் போய்விட்டது.

சொல்ல வந்தது இதுதான்: நான் தேடியது ஒன்று, தேடாமல் வந்து குவிந்தது நூற்றுக்கணக்கில். அது தற்செயல் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. 2019-இல் உலகம் முழுவதும் மண் மாதிரிகள் எடுத்துப் போட்ட கணக்கில், மேல்மண்ணில் மட்டும் நூற்புழுக்கள் 44 போட்டு 19 சைபர். ஓர் எறும்புக்கு 22,000 நூற்புழு! அவை அதிகம் நெருங்கி வாழ்வது வெப்பக்காடுகளில் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் அதிகம் இருப்பது துருவத்தை ஒட்டிய குளிர் நிலங்களில். அங்கே மக்குவது மெதுவாக நடப்பதால் மண்ணில் கரிமப் பொருள் தேங்கிக் கிடக்கிறது. நூற்புழுவுக்கு அது போதும்.

சும்மா வந்தவன்:

இவ்வளவு தூரம் ஏன் போகிறீர்கள்? கல்லூரியில் ஆய்வக வகுப்பில் எங்களை ஆளுக்கு மூன்று புருவ முடி பிடுங்கி எண்ணெய்த் துளியில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். என் மூன்றாவது முடியின் வேரோரம் ஒன்று ஒட்டிக்கொண்டு காலை ஆட்டியது. டெமோடெக்ஸ் என்று ஒரு மைட். என் முகத்தில் என் அனுமதி இல்லாமல் குடித்தனம்! பக்கத்து மேசைக்காரன் முடியில் எதுவும் இல்லை. அன்று முழுக்க அவனுக்கு ஒரே பெருமை.

பெரியவர்களின் முகத்தில் இது சாதாரணம் என்று ஆசிரியர் சொல்லிச் சமாதானப்படுத்தினார். கூடவே ஒரு கதை: 1683-இல் லேவன்ஹூக் என்ற டச்சுக்காரர் தன் பல்லிடுக்கு அழுக்கைத் தானே செய்த லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு, நெதர்லாந்தில் இருக்கும் மக்களைவிட என் வாயில் இருக்கும் பிராணிகள் அதிகம் என்ற பொருளில் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாராம். நீங்கள் இங்கே போடும் ஒப்பீட்டை அவர் அப்போதே ஆரம்பித்துவிட்டார்.

அலையோரம்:

நிலா இல்லாத ஓர் இரவு கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். அலை உடையும் கோடு மட்டும் நீலமாக மின்னியது. எங்கோ விளக்கு வெளிச்சம் பட்டுத் தெரிகிறது என்று நினைத்து ஈர மணலில் கால் வைத்தால், காலைச் சுற்றிப் பொறி பறக்கிறது. எடுத்தால் அணைகிறது, வைத்தால் எரிகிறது. ஒரு வாளியில் தண்ணீர் மொண்டு கையை விட்டுக் கலக்கினேன். விரல் போன வழியெல்லாம் வெளிச்சக் கோடு. மணி இரண்டு வரை ஒரு குழந்தை மாதிரி அதைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிர் அது. அதிர்வு பட்டால் ஒளிரும். கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பகலில் பார்த்தால் அரை மில்லிமீட்டர் அளவில் ஜவ்வுக் குமிழி போல வெறும் கண்ணுக்கே தெரிகிறது. வாளிக்குள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கும். இதைவிடப் பெருக்கம் எங்கே இருக்கப் போகிறது என்று ஒரு கடல் உயிரியல் நண்பரிடம் பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார். அந்த வாளியில் இருந்ததிலேயே யானை அதுதான், எறும்பை நீ பார்க்கவே இல்லை என்றார்.

சாதாரணக் கடல்நீர் ஒரு மில்லி எடுத்தால் அதில் சுமார் 10 லட்சம் பாக்டீரியா, சுமார் ஒரு கோடி வைரஸ். திறந்த கடலில் புரோக்ளோரோகாக்கஸ் என்று ஒரு வகை பாக்டீரியா. சூரிய ஒளியில் தனக்கு வேண்டியதைத் தயாரித்துக்கொள்வது, அரை மைக்ரானைக் கொஞ்சம் தாண்டும் அளவு (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நாக்டிலூக்கா இதைப்போல நீளத்தில் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு, பருமனில் நூறு கோடி மடங்கு. இதை 1980-களில்தான் கண்டுபிடித்தார்கள். கப்பலில் ஒரு கருவியை வைத்து, செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு மின்னுவதை எண்ணும்போது, கீழ்க்கோடியில் மங்கலாக ஏதோ வந்துகொண்டே இருந்ததாம். கருவியின் இரைச்சல் என்று முதலில் ஒதுக்கினார்கள். அந்த இரைச்சல்தான் இது. சாலி சிஸ்ஹோம் குழு 1988-இல் விவரித்து எழுதியது. உலகில் மொத்தம் 3 போட்டு 27 சைபர் என்பது மதிப்பீடு. உலகிலேயே எண்ணிக்கையில் மிக அதிகமான ஒளிச்சேர்க்கை உயிர், மனிதன் கண்ணில் படாமலே இத்தனை காலம் இருந்திருக்கிறது!

பெட்ரி:

பார்ப்பது வேறு, எண்ணுவது வேறு. அதில் அடிபட்டவன் நான்.

ஒரு குளத்து நீரில் பாக்டீரியா எவ்வளவு என்று எண்ணச் சொன்னார்கள். பழைய முறை: நீரைப் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று நீர்க்கச் செய்து, அகார் என்ற ஊட்டக் கூழ் ஊற்றிய தட்டில் தடவி, வளரும் புள்ளிகளை எண்ணுவது. ஒரு புள்ளி, ஒரு பாக்டீரியாவின் வம்சம். நூறு மடங்கு நீர்த்ததில் 0.1 மில்லி தடவினேன், 43 புள்ளி வந்தது. மில்லிக்கு 43,000. நேர்த்தியாகப் பதிவேட்டில் எழுதினேன். அடுத்த மேசையில் ஒரு பெண் அதே நீரை அக்ரிடின் ஆரஞ்சு என்ற சாயம் போட்டு, வடிதாளில் பிடித்து, ஒளிர்வு நுண்ணோக்கியில் எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு வந்தது 40 லட்சம். நீ எங்கேயோ பத்தால் கூடுதலாகப் பெருக்கிவிட்டாய் என்று நான் சொல்ல, நீங்கள் இரண்டு பத்தை விட்டிருக்கிறீர்கள் என்று அவர் சொல்ல, அரை மணி நேரம் சண்டை.

இருவர் கணக்கும் சரிதான். நூற்றில் ஒன்றுதான் நம் தட்டில் வளரும். மீதிக்கு நாம் வைக்கும் ஊட்டம் ஒத்துக்கொள்ளாது, அல்லது பக்கத்தில் வேறொரு உயிர் இருந்தால்தான் வளரும். 1985-இல் ஸ்டேலி, கொனோப்கா என்ற இருவர் இந்த இடைவெளிக்குத் தனிப் பெயரே வைத்தார்கள்.

இன்னொன்று. நம் உடம்பில் நம் செல்லைப்போலப் பத்து மடங்கு பாக்டீரியா என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்களே, நானும் வகுப்பில் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். 2016-இல் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள்: 70 கிலோ ஆளுக்குச் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி சொந்த செல். கிட்டத்தட்ட சமம். மொத்த பாக்டீரியாவின் எடையும் 200 கிராம்தான். எத்தனை பேர் மாற்றிக்கொண்டார்களோ தெரியாது, நான் மாற்றிக்கொண்டேன்.

குளத்தங்கரை:

எல்லாரும் தலையை எண்ணுகிறீர்கள், நான் தராசைக் கொண்டுவருகிறேன்.

எங்கள் தொட்டி நீர் ஒரு கோடையில் நான்கே நாளில் பச்சையானது. உள்ளே விட்ட கை மணிக்கட்டோடு மறைந்தது. ஒரு துளியை எண்ணும் கண்ணாடியில் வைத்தேன். அதில் கோடு போட்டுக் கட்டங்கள் இருக்கும். மேல்கோட்டிலும் இடக்கோட்டிலும் படுத்திருப்பவை கணக்கில் உண்டு, மற்ற இரண்டு கோட்டில் படுத்திருப்பவை கிடையாது. இந்த ஒரு விதியை மறந்தால் ஒன்றையே இரண்டு தரம் எண்ணிவிடுவோம். ஒரு சதுர மில்லிமீட்டர் கட்டத்தில் சராசரி 23 பச்சைச் செல்கள். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 23 கோடி. ஆஹா என்று ஒரு லிட்டரை வடிகட்டி, தாளை உலர்த்தி நிறுத்தேன். 0.02 கிராம்! தராசு பழுதோ என்று மூன்று தரம் வைத்து எடுத்தேன்.

உலக அளவிலும் இதே வேடிக்கைதான். 2018-இல் உயிர்களின் எடையைக் கார்பன் கணக்கில் கூட்டினார்கள். மொத்தம் சுமார் 550 கிகா டன் (ஒரு கிகா டன் என்றால் நூறு கோடி டன்). அதில் செடிகொடிகளும் மரங்களும் 450, பாக்டீரியா 70, விலங்குகள் எல்லாம் சேர்த்து 2. தலைக்கணக்கில் யாரும் கிட்டே வர முடியாத வைரஸ் 0.2. அதனால் எது அதிகம் என்று கேட்டால், எதால் அளக்கிறாய் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். எறும்புப்பிரியன் முதல் பதிவில் எண்ணிக்கையில் ஆரம்பித்து எடையில் முடித்திருக்கிறார், கவனித்தீர்களா? கொஞ்சம் அழுகுணி ஆட்டம்.

எறும்புப்பிரியன்:

அழுகுணி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சும்மா இருக்கவில்லை. சருகு சொன்னபடி பாட்டிலை வெட்டினேன், அதே தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி அள்ளினேன், இரண்டு நாள் விளக்கு. மைட் 96, ஸ்பிரிங்டெயில் 38, பெயர் தெரியாதவை 7, எறும்பு 2. மொத்தம் 143. எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஸ்பிரிங்டெயிலில் மூன்று துள்ளிப் போய்விட்டன. அவற்றை 38-இல் சேர்க்கவில்லை. சேர்க்கலாமா?

சருகு:

தாராளமாக. ஆனால் துள்ளிய மூன்றும் திரும்பத் தட்டிலேயே வந்து விழவில்லை என்று உறுதியாகத் தெரியுமா?