ஜிபிஏ ஒரிஜினல் கேசட் நியாயமான விலைக்கு எங்கே கிடைக்கும்? எமரால்டுக்கு 22,000 கேட்கிறார்கள்

மதுரைகேம்பாய்:

வணக்கம். என்னிடம் நிண்டெண்டோவின் பழைய கையடக்க வீடியோ கேம் மெஷினான கேம்பாய் அட்வான்ஸ் (ஜிபிஏ) எஸ்பி ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது, மடக்கி வைக்கும் மாடல். மெஷின் இருக்கிறது, போட்டு ஆட கேசட் இல்லை. போகிமான் எமரால்டு, அட்வான்ஸ் வார்ஸ், மெட்ராய்ட் ஃபியூஷன், காஸல்வேனியா ஆரியா ஆஃப் சாரோ, இந்த நாலும் ஒரிஜினலாக வேண்டும். எமரால்டு முதலில்.

விலைதான் தலைகால் புரியவில்லை. ஆன்லைனில் 900 ரூபாய்க்குப் புத்தம் புதுசாக எமரால்டு விற்கிறார்கள், அது டூப்ளிகேட் என்று பார்த்தாலே தெரிகிறது. இன்னொரு பக்கம் சென்னையில் ஒருவர் ஸ்டிக்கர் ஓரம் கிழிந்த கேசட்டுக்கு 22,000 கேட்கிறார். குறைக்கச் சொன்னால் "இது ரேர் பீஸ், வருஷா வருஷம் ஏறிட்டே இருக்கு" என்கிறார். ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கேட்டுப் பார்த்தேன், கேம்பாய் என்றதுமே 400 இன் 1 மெஷினை எடுத்து நீட்டுகிறார்கள்.

900-க்கும் 22,000-க்கும் நடுவில் சரியான விலை எது, அதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கட்டுப்படியாகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழையசிலிக்கான்:

அந்த "ரேர் பீஸ்" பேச்சை முதலில் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எமரால்டு உலகம் முழுக்கச் சுமார் 70 லட்சம் பிரதிகள் விற்ற கேம். அது அரிதான பொருள் கிடையாது, ஆசைப்படுகிறவர்கள் அதிகம், அவ்வளவுதான். நிஜமாகவே அரிது என்றால் 2003-இல் கோனாமி வெளியிட்ட நிஞ்சா ஃபைவ் ஓ மாதிரி, அப்போதே கொஞ்சம்தான் அச்சடித்தார்கள், அதனால் ஒரிஜினல் கண்ணில் படுவதே அபூர்வம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். அரிதான கேசட் எதிரில் வந்தால் உடனே முடிவெடுக்கத்தான் வேண்டும். எமரால்டு அப்படி இல்லை, இன்றைக்கு விட்டால் அடுத்த வாரம் இன்னொன்று வரும், அதற்கடுத்த வாரம் இன்னொன்று. விற்பவர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக நீங்கள் அவசரப்பட ஒரு காரணமும் இல்லை.

விலைக்கு வருகிறேன். விளம்பரத்தில் போட்டிருப்பது அவர் ஆசைப்படும் விலை. யாரோ ஒருவர் நிஜமாகவே காசு கொடுத்து வாங்கிய விலைதான் நமக்கு வேண்டும். ஈபேயில் தேடிவிட்டு ஃபில்டரில் விற்று முடிந்தவை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள், கடைசி இரண்டு மூன்று மாத விற்பனை வரிசையாக வரும். பிரைஸ்சார்ட்டிங் தளமும் அந்த மாதிரி விற்பனைகளிலிருந்துதான் சராசரி எடுக்கிறது, ஆனால் அதில் வெறும் கேசட், பெட்டியும் கையேடும் சேர்த்தது, சீல் பிரிக்காதது என்று தனித்தனி விலை இருக்கும். நம்ம ஆட்கள் நிறையப் பேர் வெறும் கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியோடு சேர்ந்த விலையைச் சொல்கிறார்கள். ஜிபிஏ பெட்டி வெறும் அட்டைதான், பெரும்பாலான பிள்ளைகள் அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டார்கள், அதனால்தான் பெட்டிக்கு அவ்வளவு விலை. ஆடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பெட்டிக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ஆங்கில எமரால்டு வெறும் கேசட்டே நூறு டாலரைத் தாண்டித்தான் போகிறது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் சராசரியிலிருந்து நன்றாகவே குறைய வேண்டும். 22,000 அதிகம்.

இன்னொன்று. 2021 ஜூலையில் சீல் பிரிக்காத சூப்பர் மேரியோ 64 ஒன்று ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து பழைய கேசட் வைத்திருக்கிற எல்லோரும் புதையல் வைத்திருப்பதாக நம்புகிறார்கள். யாராவது அந்தக் கதையைச் சொன்னால், உங்கள் கேசட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.


நாகூர்காரன்:

கடைகளில் தேடுவது வீண் அலைச்சல். ஜிபிஏ நம்ம பக்கம் பெரும்பாலும் கடை வழியாக வரவில்லை, துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மாமா சித்தப்பாக்களின் சூட்கேஸில் வந்தது. அதனால் இன்றைக்கும் ஒரிஜினல் எங்கே கிடக்கிறது என்றால் அந்த வீடுகளில்தான். நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை, ராமநாதபுரம் சுற்றுவட்டாரத்தில் சொந்தக்காரர்கள், நண்பர்கள் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாம் இப்போது முப்பது வயதைத் தாண்டி வேலை, குடும்பம் என்று போய்விட்டார்கள், கேசட் இன்னும் பீரோவின் அடித்தட்டில் கிடக்கும்.

ஓஎல்எக்ஸில் தேடும்போது "போகிமான் எமரால்டு" என்று தேடாதீர்கள். அந்தப் பெயர் தெரிந்தவருக்கு விலையும் தெரியும். "ஓல்டு வீடியோ கேம்", "சின்ன வீடியோ கேம்", "நிண்டெண்டோ" என்று மட்டும் போடுங்கள், எழுத்துப்பிழையோடும் போட்டுப் பாருங்கள். வீடு காலி செய்கிறவர்கள் மெஷின், சார்ஜர், நாலைந்து கேசட் எல்லாவற்றையும் ஒரே படத்தில் வைத்து மொத்தமாக ஒரு விலை போடுவார்கள். அப்படி வாங்குவதுதான் கட்டுப்படியாகும். வேண்டாத கேசட்டை இங்கேயே யாருக்காவது மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். விற்பவர் விவரம் தெரியாத பெரியவர், ஐநூறு ரூபாய் என்கிறார், உள்ளே பத்தாயிரம் ரூபாய் பொருள் இருக்கிறது என்றால் வாயை மூடிக்கொண்டு வாங்கி வராதீர்கள். இது நல்ல விலை போகும் என்று சொல்லி நடுவில் ஒரு தொகையைக் கொடுங்கள். நியாயமான விலை வேண்டும் என்று கேட்கிறோம், அது அவருக்கும் நியாயமாக இருக்க வேண்டும் இல்லையா.


டென்டென்டவுன்:

ஒசாகாவில் இருக்கிறேன், ஜப்பான் பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஜிபிஏவுக்கு ரீஜன் லாக் கிடையாது, ஜப்பான் கேசட் உங்கள் எஸ்பியில் அப்படியே ஓடும். கேம் முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும், அதுதான் ஒரே சிக்கல். அட்வான்ஸ் வார்ஸ், எமரால்டு மாதிரி வாசித்து ஆட வேண்டியவற்றுக்கு இது சரிப்படாது. ஆரியா ஆஃப் சாரோவுக்குச் சரிப்படும், வசனம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் அடி, குதி, ஓடு. பொதுவாக ஜப்பான் கேசட் அமெரிக்க கேசட்டை விட மலிவு. எமரால்டேகூட இங்கே நன்றாகக் குறைவு.

தேடும்போது அமெரிக்கப் பெயரைப் போட்டால் சரியாக வராது. ஆரியாவுக்கு இங்கே பெயரே வேறு, "அகாட்சுகி நோ மினுவெட்". ஜப்பானியப் பெயரை எழுத்தோடு காப்பி செய்து யாஹூ ஆக்‌ஷன்ஸிலும் மெர்காரியிலும் போடுங்கள். நேரடியாக இந்தியாவுக்கு அனுப்பமாட்டார்கள், பையீ, ஜென்மார்க்கெட் மாதிரி இடைத்தரகு சேவை வழியாகத்தான் வாங்க வேண்டும். அங்கேதான் கணக்கு இடிக்கும். கேசட் விலை, சேவைக் கட்டணம், ஜப்பானுக்குள் ஷிப்பிங், இந்தியாவுக்கு ஷிப்பிங், கஸ்டம்ஸ், அதன்மேல் கூரியர் கம்பெனி தன் பங்குக்கு வாங்கும் கட்டணம், இத்தனையும் சேரும். ஒரு கேசட்டுக்காக இதைச் செய்யாதீர்கள். அவர்கள் கிடங்கில் கொஞ்ச நாள் இலவசமாக வைத்திருப்பார்கள், நாலைந்து கேசட் சேர்ந்ததும் ஒரே பார்சலாக அனுப்பச் சொல்லுங்கள். கேசட் எடையே கிடையாது, அதனால் ஷிப்பிங் பெரிதாக ஏறாது.

யாராவது இங்கே சுற்றுலா வந்தால் டோக்கியோவின் அகிஹாபராவிலும் ஒசாகாவின் டென் டென் டவுனிலும் உள்ள பிரபலமான ரெட்ரோ கடைகளில் காசை இறைக்காதீர்கள், அவை பார்ப்பதற்கு அருமையான கடைகள், ஆனால் விலை சுற்றுலாப் பயணிகளுக்கான விலை. ஊருக்கு வெளியே இருக்கிற ஹார்ட் ஆஃப் என்ற பழைய பொருள் கடையின் கிளைகளுக்குப் போங்கள். அங்கே "ஜங்க்" என்று எழுதிய கூடைகள் இருக்கும், கேசட்டுகளைக் குவித்துப் போட்டிருப்பார்கள், சில நூறு யென்தான். சோதித்துப் பார்க்காதது, திருப்பி எடுக்கமாட்டோம் என்று அர்த்தம். உள்ளே மண்டியிருப்பது பெரும்பாலும் அழுக்குதான், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை இயர்பட்ஸில் தொட்டு கேசட்டின் தங்க நிறப் பின்களைத் துடைத்தால் முக்கால்வாசி உயிர் பெற்றுவிடும்.


அண்ணாநகர்_ஸ்விட்ச்:

ஒரு மாற்றுக் கருத்து. இவ்வளவு பாடு ஏன்? ஆரியா ஆஃப் சாரோ 2021-இல் வந்த காஸல்வேனியா அட்வான்ஸ் கலெக்‌ஷனில் இருக்கிறது, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையிலேயே வாங்கலாம். அட்வான்ஸ் வார்ஸ் 2023-இல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் மெஷினுக்குப் புதிதாகவே வந்தது. ஃபியூஷன் நிண்டெண்டோ ஆன்லைன் சந்தாவில் கிடைக்கிறது. பழையசிலிக்கான் சொன்ன நிஞ்சா ஃபைவ் ஓவையே 2025-இல் மறுபடி வெளியிட்டுவிட்டார்கள். கேமை ஆட வேண்டும் என்றால் இதுதான் நியாயமான விலை. எமரால்டுக்கு மட்டும் கேசட் தேடுங்கள்.


மதுரைகேம்பாய்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. அண்ணாநகர் அண்ணா, நீங்கள் சொல்வது சரிதான், ஆரியாவை நேற்றே ஸ்டீமில் பார்த்தேன். ஆனால் எனக்கு அந்த எஸ்பியிலேயே ஆட வேண்டும், அந்தப் பட்டனில், அந்தச் சின்ன ஸ்கிரீனில். டிவியில் பெரிதாகப் பார்க்கும்போது எனக்கு அது வேறு ஏதோ கேம் போல இருக்கிறது. அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை, ஏமாறக்கூடாது அவ்வளவுதான்.

சென்னைக்காரர் 15,000-க்கு இறங்கி வந்திருக்கிறார். முன்பக்கம், பின்பக்கம், தங்க நிறப் பின்கள் உள்ள ஓரம், மூன்று படம் அனுப்பியிருக்கிறார், கீழே போட்டிருக்கிறேன். ஒரிஜினல்தானா?


சால்டரிங்_சேலம்:

வாங்காதீர்கள். பழைய மெஷின் சர்வீஸ் செய்வதே என் வேலை, காரணத்தோடு சொல்கிறேன்.

ஸ்டிக்கரின் வலது கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு கோடு இருக்கும். ஏஜிபி (AGB), அடுத்து நாலு எழுத்து, அடுத்து நாட்டின் பெயர். அமெரிக்க எமரால்டுக்கு அந்த நாலு எழுத்து பி-பி-இ-இ (BPEE). உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பி-பி-ஆர்-இ (BPRE) என்று இருக்கிறது. அது இன்னொரு போகிமான் கேமான ஃபயர்ரெட்டின் கோடு. டூப்ளிகேட் அடிக்கிறவர்கள் ஒரே டெம்ப்ளேட்டில் படத்தை மட்டும் மாற்றி அடிப்பதால் இது அடிக்கடி நடக்கும்.

கோடு சரியாக இருந்தாலும் அதோடு நிற்காதீர்கள், இப்போது வருகிற நல்ல டூப்ளிகேட்டில் அதையும் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். வெளிச்சத்தில் கேசட்டைச் சாய்த்துப் பிடித்தால் ஒரிஜினல் ஸ்டிக்கரில் இரண்டு இலக்க எண் ஒன்று, சிலசமயம் பக்கத்தில் ஓர் எழுத்தும், மை இல்லாமல் லேசாக அமுங்கித் தெரியும், ஃபேக்டரியில் அழுத்தியது. அடுத்து பின்கள் உள்ள ஓரத்தை முகத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள், தங்க நிறப் பின்களுக்குச் சற்று மேலே போர்டில் நிண்டெண்டோ என்று அச்சாகியிருக்க வேண்டும். உங்கள் மூன்றாவது படத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

நேரில் போனால் ட்ரை-விங் ஸ்க்ரூடிரைவர் ஒன்று கொண்டு போங்கள், மூன்று கை நட்சத்திரம் மாதிரி இருக்கும், நூறு இருநூறு ரூபாய்தான். ஒரே ஒரு ஸ்க்ரூ. திறந்தால் ஒரிஜினல் எமரால்டில் தட்டையான பேட்டரி ஒன்று போர்டோடு பற்றவைத்திருக்கும், சிஆர்1616. அது உள்ளே ஓடும் கடிகாரத்துக்கு மட்டும். இருபது வருஷத்தில் அது தீர்ந்திருக்கும், ஆன் செய்ததும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கேமே சொல்லும். பயப்படாதீர்கள், கேம் ஓடும், சேவ் ஆகும், கேமில் நடும் பெர்ரிச் செடி வளராது, நேரத்தை நம்பி நடப்பவை மட்டும் நடக்காது. என்னைக் கேட்டால் அந்த எச்சரிக்கை வருவதே ஒரு நல்ல அடையாளம். பேட்டரி மாற்றுவது சின்ன வேலை. ஆனால் போகிமான் கோல்டு, சில்வர், கிரிஸ்டல் போன்ற பழைய கேம்பாய் கலர் கேசட்டில் சேவே பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது, அங்கே சிஆர்2025, அது தீர்ந்தால் சேவும் போகும். இரண்டையும் ஒன்றாக நினைத்து விலை பேசாதீர்கள்.

இன்னொரு சோதனை, போகிமானுக்கு மட்டும். நிண்டெண்டோவின் டிஎஸ் லைட் மெஷினில் கீழே ஜிபிஏ கேசட் போட இடம் இருக்கிறது. அதில் எமரால்டைச் செருகி மேலே நேஷனல் போகிடெக்ஸ் கிடைக்கும் அளவுக்கு ஆடி முடித்த போகிமான் டயமண்ட் அல்லது பேர்ல் போட்டு ஆன் செய்தால், அந்த கேமின் மெனுவில் எமரால்டிலிருந்து மாற்றிக்கொள்ளவா என்று ஒரு வரி வர வேண்டும். இரண்டு கேசட்டும் ஒரே மொழியாக இருக்க வேண்டும். டூப்ளிகேட் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும்.


மதுரைகேம்பாய்:

கோடைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே பி-பி-ஆர்-இ. விற்பவரிடம் கேட்டேன், திறந்து படம் அனுப்ப முடியுமா என்றும் கேட்டேன், பதிலே இல்லை. சரி, விட்டுவிட்டேன். டென்டென்டவுன் சொன்னபடி ஆரியாவை ஜப்பானிலிருந்து எடுக்கிறேன், கூடவே மொழி தேவைப்படாத இரண்டு மூன்று கேசட் சொன்னால் ஒரே பார்சலாகப் போட்டுவிடுவேன்.


டென்டென்டவுன்:

குரு குரு குருரின் கண்டிப்பாக. சுற்றிக்கொண்டே இருக்கும் குச்சியைச் சுவரில் படாமல் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான் கேம், கீழே வைக்க முடியாது. 2006-இல் வந்த ரிதம் டெங்கோகு ஜப்பானில் மட்டும்தான் வெளியானது, விலை கொஞ்சம் கூட, ஆனால் காதால் ஆடுகிற கேம், அர்த்தம் புரியாவிட்டாலும் ஆடலாம். மதர் 3-ஐ யாராவது பரிந்துரைத்தால் இப்போதைக்கு வேண்டாம், அது முழுக்க முழுக்கக் கதை.


திருச்சி_லிங்க்கேபிள்:

என்னிடம் அட்வான்ஸ் வார்ஸ் அமெரிக்க கேசட் இரண்டு இருக்கிறது, நாகூர்காரன் சொன்ன மாதிரி மொத்தமாக வாங்கியதில் ஒன்று கூடுதலாக வந்தது. ஸ்டிக்கரில் மேல் மூலை மங்கியிருக்கிறது, மற்றபடி சுத்தம். ஈபேயில் கடைசியாக விற்ற ஐந்தாறின் சராசரியை நீங்களே பாருங்கள், மூலை மங்கியதற்கு அதில் குறைத்துக்கொள்ளுங்கள், ஷிப்பிங் இல்லாமல் அந்த விலை எனக்குப் போதும். முன் பக்கம், பின் பக்கம், போர்டு மூன்றையும் திறந்து படம் எடுத்து இன்று இரவு தனிச்செய்தியில் அனுப்புகிறேன். சேலத்துக்காரரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதுரை வருகிறேன், எஸ்பியை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணி வந்துவிடுங்கள், போட்டு ஆடிப் பார்த்துவிட்டுக் காசு கொடுத்தால் போதும்.