முதலாளி மீதே புகார் என்றால் யாரிடம் கொடுப்பது?

கேள்வி:
என் அக்கா திருப்பூரில் ஒரு பவர்டேபிள் யூனிட்டில் (மின் தையல் இயந்திரங்கள் வைத்துத் துணி தைத்துக் கொடுக்கும் சிறு கூடம்) பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார். அங்கே மொத்தம் ஏழு பேர்தான். இரண்டு மாதங்களாக அதன் உரிமையாளர், சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது மற்றவர்களை அனுப்பிவிட்டு இவரைக் கடைசியாக நிறுத்தி வைத்துக் கையைப் பிடிப்பதும், இரவில் போன் செய்து ஆபாசமாகப் பேசுவதுமாக இருக்கிறார். பெரிய கம்பெனிகளில் இதற்கென்று குழு உண்டு என்கிறார்கள். இங்கே முதலாளிக்கு மேல் யாருமில்லை. அக்காவுக்கு எழுதவும் அவ்வளவாக வராது. என்ன செய்யலாம்?

பதில் 1:
தம்பி, வழி இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமானாலும், புகார் முதலாளி மீதே ஆனாலும், மாவட்டந்தோறும் அமைக்கப்பட வேண்டிய உள்ளூர் புகார்க் குழுவே அதை விசாரிக்க வேண்டும். உங்கள் அக்காவின் நிலைக்கு இரண்டு காரணங்களும் பொருந்துகின்றன. ஆட்சியர் அலுவலகத்திலோ மாவட்டச் சமூக நல அலுவலகத்திலோ விசாரியுங்கள். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதங்களுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதங்கள் வரை அனுமதிக்கலாம். எழுத இயலாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. தினக்கூலியோ தற்காலிக வேலையோ, எதுவும் தடையில்லை. அவர் வேலையை விட்டு நின்றுவிட்டாலும் புகார் செய்யும் உரிமை போய்விடாது.

பதில் 2:
நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று அக்கா மீதே திருப்பிவிட மாட்டார்களா?

பதில் 3:
மாட்டார்கள். ஆதாரம் காட்ட இயலவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை எனச் சட்டமே சொல்கிறது. நான் ஒரு நிறுவனத்தின் குழுவில் வெளி உறுப்பினராக இருந்திருக்கிறேன். இந்த அச்சத்தால் புகார் கொடுக்காமலே போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய அச்சம், அடுத்த வாரக் கூலி நின்றுவிடும் என்பது. விசாரணை முடியும் வரை மூன்று மாதங்கள் வரை விடுப்புப் பெற்றுத்தரக் குழு பரிந்துரைக்கலாம் என்றாலும், ஏழு பேர் யூனிட்டில் அது எவ்வளவு கைகொடுக்கும் என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. அதனால் அக்கா வேறு யூனிட்டில் வேலை தேடி வைத்துக்கொண்டு புகார் கொடுப்பது நல்லது. போனில் அழைப்புகள் பதிவான பட்டியலை அழிக்க வேண்டாம். எந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்பதை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் இன்றே எழுதி வையுங்கள். புகாரை ஆறு பிரதிகளாகக் கொடுக்க வேண்டும். பார்த்தவர்கள் யாராவது இருந்தால் பெயரையும் முகவரியையும் சேருங்கள்.