அலுமினிய விமானத்தில் பெயிண்ட் டேப்போடு உரிந்து வருகிறது, உதவி தேவை

செந்தில்_யெலஹங்கா:
அவசரம். இறக்கைக்கு வெள்ளை அடித்து முடித்துவிட்டோம். நீலப் பட்டை போடுவதற்காக ஒட்டிய மாஸ்கிங் டேப்பைப் பிரித்தால், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையும் சேர்ந்து வருகிறது. பெயிண்ட் மட்டமானதல்ல, நல்ல விலை கொடுத்து வாங்கியது. முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டுமா, உரிந்த இடத்தில் மட்டும் மறுபடி அடித்தால் போதுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும்.

அல்சூர்_வாசு:
ரிமோட்டில் பறக்கும் விமானமா, ஆள் ஏறிப் பறப்பதா? தகடு எந்த ரகம்? பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தீர்களா? அடித்திருந்தால் எது, அதற்கும் வெள்ளைக்கும் எத்தனை நாள் இடைவெளி? ஒரு படமாவது போடுங்கள்.

பட்டறை_மணி:
நான் கார் பெயிண்ட் வேலையில் இருக்கிறேன். அலுமினியத்தில் எதுவும் நேராக ஒட்டாது. தேய்த்து முடித்த கையோடு அதன் மேல் ஆக்சைடு படலம் மறுபடி வந்துவிடும். ஆசிட் கலந்த எட்ச் பிரைமரை மெல்லிசாக ஒரு கை அடியுங்கள், அதன் மேல் எபாக்சி பிரைமர், அதன் மேல் வெள்ளை. பஸ் பாடிகளுக்கு இப்படித்தான் செய்கிறோம், ஒன்றுகூட உரிந்து திரும்பி வந்ததில்லை.

மழைமானி:
பெங்களூரில் மழைக்காலத்தில் மாலை நேரம் பெயிண்ட் அடித்தால் இந்தக் கதிதான். வெயில் சாய்ந்ததும் மெல்லிய தகடு சட்டென்று குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். தகட்டின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். கம்ப்ரசரில் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி இருக்கிறதா? டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து பாருங்கள், எவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது என்று தெரியும்.

விமானபுரம்_பெரியவர்:
வாசுவைத் தவிர யாரும் நோய் என்னவென்று கேட்கவில்லை, அதற்குள் ஆளுக்கொரு மருந்து. விமானம் பஸ் பாடி அல்ல. முழு உலோகத்தாலான எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951-இல் பறந்த ஊர் இது. எண்ணெய் நீக்குவது, ஆசிட் கழுவல், பிடிப்புக்கும் அரிப்பைத் தடுக்கவும் குரோமேட் பூச்சு, எபாக்சி பிரைமர், கடைசியில் பாலியூரித்தேன் பெயிண்ட். இந்த வரிசையே தெரியாதவர் ஸ்ப்ரே கன்னைத் தொடக் கூடாது. இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். தேடிப் படித்துவிட்டு வரலாமே.

கே.ஜி.எஃப்_தம்பி:
ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. பிளேடால் சிறு சிறு கட்டங்களாகக் கீறி, டேப் ஒட்டிப் பிரியுங்கள். எத்தனை கட்டம் பெயர்ந்து வருகிறதோ அதை வைத்துப் பிடிப்பைக் கணக்கிடலாம்.

விமானபுரம்_பெரியவர்:
வேண்டாம், செய்யாதீர்கள்! விமானத் தகட்டில் பிளேடு படவே கூடாது. உலோகச் சோர்வால் வரும் விரிசல் மயிரிழைக் கீறலிலிருந்துதான் தொடங்கும். பென்சிலால் குறியிடுவதும் கூடாது, கிராஃபைட் படிந்த இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அந்தச் சோதனையைத் துண்டுத் தகட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தில்_யெலஹங்கா:
மன்னிக்கவும், ஷெட்டில் இருந்தேன். ஆள் ஏறுவதுதான், பாகங்களாக வாங்கி நாமே பூட்டும், இரண்டு பேர் அமரும் கிட் விமானம். தகடு 6061-டி6 அலுமினியக் கலவை. 320 உப்புத்தாளால் தேய்த்து, வேஸ்ட் துணியில் தின்னர் நனைத்துத் துடைத்தோம். பாஸ்பாரிக் ஆசிட் கழுவல், பிறகு ஹோஸ் தண்ணீர். மறுநாள் காலை பச்சை எபாக்சி பிரைமர். அதன் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் மழை, மழை விட்டதும் வெள்ளை. கம்ப்ரசரில் வடிகட்டி இருக்கிறது.

மீனா_ஆய்வகம்:
செந்தில், உரிந்து வந்த தோலைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் பச்சையா, வெள்ளையா? உரிந்த இடத்தில் தெரிவது பிரைமரா, வெறும் தகடா? எந்தப் படலத்துக்கும் எந்தப் படலத்துக்கும் இடையே பிடி விட்டது என்பதை அதுவே சொல்லிவிடும். ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசைகளில் தனியாகப் பாருங்கள்.

மணி அண்ணா, எட்ச் பிரைமர் மேல் எபாக்சி அடிக்கக் கூடாது என்று பல எபாக்சி தயாரிப்பாளர்கள் தெளிவாகவே எழுதுகிறார்கள். மிச்சமிருக்கும் ஆசிட், எபாக்சியின் ஹார்டனரைக் கெடுக்கும்.

நீலவானம்:
எதற்கு இவ்வளவு பாடு? பெயிண்டே வேண்டாம், பாலிஷ் போட்டு விட்டுவிடுங்கள். பெயிண்ட் என்பது சுமக்க வேண்டிய எடை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானங்கள் 2013 வரை வெள்ளி போல மின்னிக்கொண்டுதானே பறந்தன?

அல்சூர்_வாசு:
அந்த விமானங்களின் தகடு வேறு. 2024 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவையின் மேல் சுத்த அலுமினியம் ஒட்டிய ஆல்கிளாட். 0.8 மி.மீ. தகட்டில் ஒரு பக்கத்துக்கு 5 சதவீதம், அதாவது 0.04 மி.மீ.தான் அந்தப் படலம். அரிப்பைத் தடுப்பது அதுதான், பாலிஷில் மின்னுவதும் அதுதான். செந்திலின் 6061-க்கு அந்தக் கவசம் கிடையாது.

நீலவானம்:
6061 இயல்பாகவே அரிப்பைத் தாங்கும். இது சென்னைக் கடற்கரையும் அல்ல. பாலிஷ் போட்ட தகட்டில் விரிசல் விட்டால் உடனே கண்ணில் படும், பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும்.

விமானபுரம்_பெரியவர்:
வெள்ளைப் பெயிண்டில் ரிவெட் தளர்ந்தால் பின்னால் கருப்புக் கோடு இழுக்கும், பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். பாலிஷ் போடுகிறவர் வாழ்நாள் முழுவதும் பாலிஷ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். செந்தில், நீங்கள் குரோமேட் பூச்சு போடவில்லை. அதுதான் காரணம். மஞ்சள் தங்க நிறம் வரும் வரை ஊறவிட்டுக் கழுவியிருந்தால் இன்று இந்தப் பேச்சே இல்லை.

மீனா_ஆய்வகம்:
ஐயா, அந்த மஞ்சள் பூச்சில் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். கையுறை, முகக்கவசம் இல்லாமல் ஷெட் வாசலில் ஊற்றிக் கழுவினால் அந்தத் தண்ணீர் ராஜகாலுவே என்ற மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குத்தான் போகும். ஏரிகள் ஏற்கெனவே நுரை தள்ளியதைப் பார்த்த ஊர் நாம். மூவிணைதிறன் குரோமியத்தில் மாற்றுப் பூச்சு கிடைக்கிறது. நிறம் மங்கலாகத்தான் தெரியும், ஆனால் பிடிப்புக்குக் குறைவில்லை.

விமானபுரம்_பெரியவர்:
கழுவிய தண்ணீரைப் பிடித்துவைத்து முறைப்படி அகற்ற வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஏரியில் விடச் சொல்லவில்லை.

செந்தில்_யெலஹங்கா:
பார்த்தோம். இறக்கையின் நடுப்பகுதியில் தோலின் அடிப்பக்கம் வெள்ளை, பச்சை தகட்டிலேயே இருக்கிறது. ரிவெட் வரிசையிலும் தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்திலும் மட்டும் பச்சையும் சேர்ந்து வருகிறது, வெறும் தகடு தெரிகிறது. அங்கே சின்னச் சின்னக் கொப்புளங்களும் உண்டு.

மீனா_ஆய்வகம்:
அப்படியென்றால் இரண்டு தனித்தனிக் கோளாறுகள். நடுப்பகுதியில் பிரைமர் நன்றாகவே பிடித்திருக்கிறது. எபாக்சி முழுதாக இறுகிய பிறகு அதன் மேல் அடிப்பது வேர் பிடிக்காது. டப்பாவோடு வரும் தாளில் மேல்பூச்சுக்கான கால அவகாசம் போட்டிருப்பார்கள். அது தாண்டிவிட்டால் பிரைமரை லேசாகத் தேய்த்த பிறகுதான் அடுத்த பூச்சு. எனவே அங்கே தகடு வரை போகாதீர்கள். வெள்ளையை மட்டும் தேய்த்தெடுத்து, மெரூன் நிற நைலான் பட்டையால் பச்சையை மங்கலாக்கி மறுபடி அடியுங்கள். இரும்புக் கம்பளி கூடாது, அதன் துகள் தகட்டில் பதிந்தால் அங்கேயே அரிப்பு தொடங்கும்.

தகடுகள் ஏறும் இடத்தில் ஆசிட்டும் கழுவிய தண்ணீரும் இடுக்கில் தங்கி, பிறகு கசிந்து பிரைமரைத் தூக்கியிருக்கின்றன. அங்கே தகடு வரை போய், சுத்தத் தண்ணீரில் நிறையக் கழுவி, ஒவ்வொரு இடுக்கையும் காற்றழுத்தத்தால் ஊதி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பிரைமருக்கு முன் ஒரு சோதனை: சுத்தத் தண்ணீரைத் தெளித்தால் அரை நிமிடமாவது உடையாத படலமாக நிற்க வேண்டும். முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. அந்த வேஸ்ட் துணிதான் என் சந்தேகம், அதில் என்ன ஊறியிருந்ததோ. புதுத் துணி வாங்குங்கள்.

மழைமானி:
மறுநாள் காலை ஈரத் தகட்டில் பிரைமர். நான் முதலிலேயே ஈரம் என்றேன்.

பட்டறை_மணி:
பெயிண்ட் ரிமூவரை மட்டும் தொட வேண்டாம், தம்பி. அதுவும் இடுக்கில் தங்கும், முன் கண்ணாடி அக்ரிலிக் என்றால் ஒரு துளி பட்டாலே வெடிப்பு விழுந்துவிடும். கண்ணாடியையும் காற்றுத் துளைகளையும் மூடிவிட்டு வேலை செய்யுங்கள்.

அல்சூர்_வாசு:
பாலியூரித்தேன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமா வரவைக்கும். துணி முகக்கவசம் எதற்கும் உதவாது. வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் முகமூடியை வாடகைக்காவது எடுங்கள். இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை: விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் கீலில் அசையும் பாகங்களான ஐலரான், எலிவேட்டர், ரடர் மூன்றுக்கும் பெயிண்ட் அடித்தீர்களா? கீலுக்குப் பின்னால் எடை கூடினால் பறக்கும்போது அது படபடத்து விமானத்தையே பிய்த்துவிடும். கழற்றி, சமன் பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும். எனக்குப் பதில் சொல்லுங்கள்.

நீலவானம்:
பாலிஷ் போட்டிருந்தால் இந்தச் சமன் வேலையும் மிச்சம்.

அல்சூர்_வாசு:
செந்தில்?

செந்தில்_யெலஹங்கா:
தாமதத்துக்கு மன்னிக்கவும், ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டோம். நடுப்பகுதி மீனா அவர்கள் சொன்னபடியே செய்து முடிந்தது, டேப்பில் இப்போது ஒன்றும் வருவதில்லை. ரிவெட் வரிசை இன்னும் காய்கிறது. மூன்றுக்கும் அடித்திருந்தோம். கழற்றிவிட்டோம், சமன் பார்த்து ஆய்வுப் பொறியாளர் கையெழுத்திட்ட பிறகுதான் மாட்டுவோம். எல்லோருக்கும் நன்றி.