உம்கேனி ஆற்றோரச் சிலைகள்: கல் வேண்டாம், ஊர்ப் பெயர் வேண்டும்

அன்பு ஊர்ச்சொந்தங்களுக்கு டர்பனிலிருந்து வணக்கம்.

இங்கே உம்கேனி ஆற்றங்கரையில் நம்மவர் நினைவாகச் சிலை வைக்க யோசனை கேட்டிருந்தோம். வந்த மடல்களில் பாதிக்கு மேல் ஒரே யோசனைதான்: மாமல்லபுரத்தில் கருங்கல்லில் செதுக்கிக் கப்பலேற்றிவிடலாம் என்று. ஆசை நியாயம், காரியம் ஆகாது. ஆறடி உருவத்துக்கு எடுக்கிற கல்லே ஒன்றரை டன் வரும். மரப்பெட்டி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி முத்திரை வாங்கியதாக இல்லாவிட்டால் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும். ஆற்றோரத்து ஈர மண்ணில் கிரேன் இறங்காது. எல்லாவற்றுக்கும் மேல், செய்து முடித்த சிலை வந்து இறங்கினால் இங்குள்ள பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்து ஜூலு மக்களுக்கும் வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலை இருக்காது.

சாமி சிலையும் வேண்டாம். வைத்த மறுநாளே சூடம், தேங்காய், பிளாஸ்டிக் பை எல்லாம் ஆற்றில் மிதக்கும்.

வைக்கப்போவது ஒரு படகு, ஒரு காய்கறிக் கூடைக்காரி, ஒரு வரிசை ஊர்ப் பெயர்ப்பலகைகள். படகு ஏன் என்பது இங்குள்ள பழையவர்களுக்குத் தெரியும். 1917 அக்டோபர் வெள்ளத்தில் ஆற்றை ஒட்டிய ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளியின் காய்கறித் தோட்டக்காரர்கள் கூரைமேல் ஏறி நின்றபோது, கரைவலை மீனவர்கள் ஆறு பேர் படகைத் தள்ளிக்கொண்டு போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். 'படவட்டான் அறுவர்' என்று இன்றும் சொல்வது இவர்களைத்தான். படவு ஓட்டியவர் என்ற தொழிற்பெயர் அதில் அப்படியே தெரிகிறது. அதே சமவெளியில் இருந்த தகரக் கொட்டகைக் குடியிருப்பான டின் டவுனை 1976 மார்ச்சில் ஆறு மறுபடியும் எடுத்தது; சனங்கள் டர்பனின் வடக்கே உள்ள ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் போனார்கள். பிறகு 1987, 2022 வெள்ளங்கள். ஆக இந்த ஆறு திரும்ப வரும் என்று வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் செய்ய வேண்டும்.

கணக்கு எளிது. வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர், எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் தட்டை முகத்தைக் கிட்டத்தட்ட 550 கிலோ பாரத்தோடு தள்ளும். நாணலும் மரக்கிளையும் வந்து அடைத்தால் முகம் பெரிதாகும், பாரமும் ஏறும். அதனால் படகின் மூக்கு மேலாற்றைப் பார்க்க, நீரோட்டத்துக்கு நேராக நிற்க வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கும் என்று யாராவது குறுக்கே திருப்பச் சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே குடைவாக இருந்தால் தண்ணீர் புக அடியில் 50 மில்லிமீட்டர் துளை குறைந்தது நான்கு வேண்டும், காற்று வெளியேற உச்சியிலும் துளை வேண்டும். காற்று அடைபட்ட ஒரு கன மீட்டர் இடம் ஒரு டன்னை மேலே தூக்கும், அஸ்திவாரத்தோடு பிடுங்கிக்கொண்டு போகும். நிஜ வலையைத் தொங்கவிடவே கூடாது, குப்பை வடிகட்டியாகிவிடும். அதற்குப் பதில் பழைய வலைத்துண்டை ஈரப் பூச்சின்மேல் கையால் அழுத்தி, பூச்சு லேசாக இறுகியதும் ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்து எடுங்கள். ஒவ்வொரு முடிச்சும் அச்சாக விழும்.

வெண்கலம், செம்பு, அலுமினியம் எதுவும் ஆகாது. பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். கம்பிக் கூட்டின்மேல் வலை கட்டிச் சிமென்ட் பூசுகிற ஃபெரோசிமென்ட்தான் சரி. மூன்றரை மீட்டர் படகுக்குப் பரப்பு ஏறத்தாழ 9 சதுர மீட்டர், கனம் 30 மில்லிமீட்டர். சேதாரத்தோடு ஐந்து மூட்டை சிமென்ட் போதும். 50 கிலோ மூட்டைக்குக் கழுவிய மணல் 100 கிலோ, தண்ணீர் 20 லிட்டர். கரணை ஓடவில்லை என்று தண்ணீரைக் கூட்டினால் மயிரிழை விரிசல் நிச்சயம். கடல் மணல் வேண்டவே வேண்டாம். உப்பு கம்பியைத் தின்னும். 8 மில்லிமீட்டர் கம்பியில் கூடு கட்டி, இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடுக்குக் கோழிவலை. கட்டுக்கம்பி முனைகளை உள்பக்கம் மடக்குங்கள். ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் ஆறே மாதத்தில் பழுப்புக் கண்ணீர் வடியும். துத்தநாகம் பூசிய புது வலையும் கறுப்புக் கம்பியும் ஈரக் கலவையில் சேர்ந்தால் குமிழி கிளம்பிப் பிடிப்பு கெடும். வலையைச் சில வாரம் வெயில் மழையில் போட்டு வையுங்கள்.

பூசும்போது ஒரு பக்கத்திலிருந்து அழுத்தி, கலவை மறுபக்கம் பிதுங்குகிற வரை விடாதீர்கள். ஒரே நாளில் முடிய வேண்டும், ஆள் அதிகம் தேவை. பிறகு ஏழு நாளாவது ஈரச் சாக்கு, மேலே பிளாஸ்டிக் தாள். ஆகஸ்டில் உள்நாட்டு மலைப் பக்கமிருந்து சூடாக, வறண்டு அடிக்கும் பெர்க் காற்று ஒரே மதியத்தில் பூச்சை உலர்த்திவிடும், அந்த மாதத்தைத் தவிருங்கள். காய்ந்ததும் சுத்தியலின் மரப்பிடியால் தட்டினால் 'டொப்' என்கிற இடம் பொக்கை; உடைத்துத் திரும்பப் பூச வேண்டும்.

பிள்ளைகள் ஒட்டும் ஓட்டுச் சில்லுகளுக்கு வெள்ளைப் பசை கூடாது, நனைந்தால் இளகும். சிமென்ட் பசைதான்.

அனுமதி விஷயம் சுருக்கமாக: கரையிலிருந்து 32 மீட்டருக்குள் அடிப்பரப்பு 100 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும், அதனால் சிறிதாகவே வைக்கிறோம். கரையையோ நீரோட்டத்தையோ மாற்றினால் இந்நாட்டு 1998 நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவும் குறுக்கே வரும். முகத்துவாரத்தில் பீச்வுட் அலையாத்திப் பக்கம் எதுவும் கிடையாது, அது காப்புப் பகுதி.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பலகைகளில் தமிழ், ஜூலு, ஆங்கிலம் மூன்றும் வரும். இங்குள்ள அச்சகக் கணினிகளில் கொம்பு இடம் மாறி, 'கொத்தனார்' என்பது கொம்பும் எழுத்தும் தனித்தனியாகச் சிதறி விழுவது சகஜம். (டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் மாகாணத்தில் கோயில்கள் பல கட்டிய கொத்தனார் ராமசாமிப் பிள்ளையின் பெயரையே அப்படிப் பொறித்தால் எப்படி இருக்கும்!) அச்சுக்குப் போகும் முன் படமாக அனுப்புகிறோம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். வார்ப்பு அச்சில் எழுத்து கண்ணாடிப் பிம்பமாக இருக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம். எழுத்து உயரம் 60 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் புள்ளி அடைத்து, 'க்' எல்லாம் 'க' ஆகிவிடும்.

1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு வந்த ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் நேட்டாலுக்கு வந்தார்கள். கப்பல் பட்டியல்களில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று இருக்கிறது. கிராமப் பெயர்கள் எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில். பலகைகளில் ஏற்ற, நம்ம பக்கத்து ஊர்களைப் படித்துச் சரியான தமிழ்ப் பெயர் சொல்ல ஆள் வேண்டும். ஜில்லா, தாலுகாவோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே பெயரில் நாலு ஊர் இருக்கும். சந்தேகமானதைப் பலகையில் ஏற்ற மாட்டோம், ஊகமாக எழுதி அனுப்பாதீர்கள்.

கரைவலைப் படகின் பழைய புகைப்படம் யாரிடமாவது இருந்தால், பக்கவாட்டில் எடுத்ததாக, அடிக்கட்டை தெரிகிறதாக ஒன்று போதும்.