வெள்ளைத் தாளின் நிழலை எப்படித் தீட்டுவது?

நண்பர்களுக்கு வணக்கம். பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ ஓவியர் குஸ்தாவ் கைபோத் 1881-82 வாக்கில் தீட்டிய பழக்கடை ஓவியத்தை, பயிற்சிக்காக எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறேன். மூல ஓவியம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அத்தி, ஆப்பிள், ஆரஞ்சு, பேரிக்காய் (கூடவே தக்காளியும்!) எல்லாம் வெள்ளைத் தாள் விரித்து அடுக்கப்பட்டிருக்கும்.

பழங்கள் ஓரளவு கைகூடிவிட்டன. தாள்தான் பாடாய்ப் படுத்துகிறது. கசங்கிய மடிப்புகளின் நிழலில் அவர் காட்டும் நீலச் சாயல் எனக்கு வரவில்லை. சிமெண்ட் பூசியது போல் இருக்கிறது. அல்ட்ராமரீன் நீலத்தோடும் வெள்ளையோடும் எதைச் சேர்க்க வேண்டும்? அடிப்பூச்சு காய்ந்தபின் தீட்டுவதா, ஈரத்தின் மேலேயா? கைபழகியவர்கள் சொல்லுங்கள். அக்ரிலிக்குக்கு மாறச் சொல்லும் அறிவுரை மட்டும் வேண்டாம்.